பசை போகாத சுவர்

கம்பெனி மூடிய பிறகும் பாண்டிச்செல்வியின் உடம்பு ஷிஃப்டை விடவில்லை. விடிவதற்கு முன்பே விழிப்புத் தட்டிவிடும். குன்றத்தூர்க் கோயில் சாலையில் வேறு ஏதோ ஒரு கம்பெனியின் பஸ் ஹாரன் அடித்தால் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள். தலையை அள்ளி முடியும்போதுதான் போக வேண்டிய இடம் என்று ஒன்று இல்லை என்பது நினைவுக்கு வரும். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் தொழிற்சாலையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவள். ஐப்பசியில் அதை இழுத்து மூடியபோது எல்லோருக்கும் செட்டில்மென்ட் கொடுத்து அனுப்பினார்கள். பணம் பேங்கில் கிடந்தது. கைதான் சும்மா கிடக்க மாட்டேன் என்றது.

கணவன் சக்திகுமார் ஒரகடத்தில் கார்ப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஆப்பரேட்டர். இருவரும் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்கள். நாலு வயது மகள் சுகப்பிரியா ஊரில் சக்திகுமாரின் அம்மா உலகம்மாளிடம் வளர்ந்தாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஷிஃப்ட் மாறி மாறி வரும்போது இங்கே பிள்ளையை யார் பார்ப்பது? தவழ ஆரம்பிக்கும் முன்பே கொண்டுபோய் விட்டது. பொங்கலுக்கும் ஆடித்தபசுக்கும் செல்வி ஊருக்குப் போவாள். மற்ற நாளெல்லாம் போனில்தான். பிள்ளை அவளைப் 'போனம்மா' என்று சொல்லப் பழகியிருந்தது. ஒருநாள் உலகம்மாள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். செல்வியும் சிரித்தாள். போனை வைத்த பிறகு, யாரும் கேட்காமலே, மூன்று மாடிப் படிகளையும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள்.

அன்று சாயந்திரமே சக்திகுமாரிடம் பேச்சை எடுத்தாள்.

"சுகாவ இனிமே நம்மகூடயே வச்சுக்கிடுவோம். எனக்குத்தான் வேலை இல்லையே. வேற என்ன சாக்கு இருக்கு நமக்கு?"

"இந்த ரூம்லயா? மேல பூரா ஷீட்டு. வெயிலுக்கு அவிஞ்சிரும், மழைக்கு ஒழுகும். அவளுக்கு ஏற்கெனவே இளைப்பு."

"அப்ப வேற வீடு பாருங்க."

சக்திகுமாரோடு கம்பெனி லைனில் வேலை செய்யும் ஒருவன் சொல்லி, மணிமங்கலத்தில் ராஜம்மாவின் வீடு கிடைத்தது. ராஜம்மா மாடியில் தனியாக இருந்தாள். கணவர் காலமாகிவிட்டார், மகன் ஓசூரில் வேலை. கீழ்ப்பகுதியில் இரண்டு அறை, சமையலறை, பின்னால் துணி காயப்போட இடம். முன்பு ஒரு கம்பெனி தன் கொரியா நாட்டு இன்ஜினியர்களுக்காக அதை வாடகைக்கு எடுத்திருந்தது. இரண்டு அறைகளின் சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை வால்பேப்பர் ஒட்டியிருந்தார்கள். வெண்ணெய் நிறம், அதில் பொன்னிறக் கொடிகள்.

"பாக்க ஷோக்காதான் கீது," என்றாள் ராஜம்மா. "அவுங்களுக்கு சொவுரு வெறும்னே இருந்தா புடிக்காது போல."

தூரத்திலிருந்து பார்க்க அழகுதான். ஜன்னலுக்குக் கீழே மட்டும் காகிதம் வயிறு மாதிரி உப்பியிருந்தது. அறைக்குள் நனைந்த சாக்கின் வாடை. செல்வி மூலையில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். பட்டை பட்டையாகப் பிரிந்து வந்தது. பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

"இது இருந்தா பிள்ளைக்கு மூச்சு முட்டிரும்," என்றாள்.

"கீச்சிப் போட்டுட்டு பெயின்ட் அட்ச்சுக்கோ. பெயின்ட்டு நான் வாங்கித் தரேன். ஆளு நீயே பாத்துக்கோ."

ஆள் கிடைக்கவில்லை. மார்கழி பிறக்கப் போகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஊரே பெயின்டரைப் பிடித்து வைத்திருந்தது. கேட்ட இடமெல்லாம் தை பிறக்கட்டும் என்றார்கள். உலகம்மாளோ பிள்ளையைக் கொண்டுவந்து விட ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"நானே செய்யுதேன்," என்றாள் செல்வி.

"உனக்குச் சுவர் வேலை தெரியுமா?"

"போன் செய்யவும் தெரியாமத்தான போனேன்."

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். மேல் தாள் சுலபமாக உரிந்தது. சேலையைக் களைவது போல ஒரே இழுப்பில் முழ முழமாக வந்தது. அதற்கடியில் இருந்த மெல்லிய வெள்ளைத் தாள்தான் வரவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தது. வாளியில் வெந்நீர் எடுத்து, பழைய துணியால் ஒற்றி, ஊறவைத்து, தகட்டால் சுரண்டினாள். ஊறியதும் தாள் கஞ்சி மாதிரிக் குழைந்து கையில் வழிந்தது. சில இடங்களில் தாளோடு சேர்ந்து பூச்சும் பெயர்ந்து விழுந்தது. வால்பேப்பர் போன பிறகு பார்த்தால் அது சுவரே இல்லை. அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள், ஆணி அடித்த ஓட்டைகள், அவசரத்தில் பூசிவிட்டுப் போன கொத்தனாரின் கரணை வரிகள். எல்லாவற்றையும் மறைக்கத்தான் ஒட்டினார்களோ என்று தோன்றியது. பூஞ்சை இருந்த இடத்தை பிளீச்சிங் கரைசல் போட்டுத் தேய்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிய வெடிப்பை சக்திகுமார் ஒரு லீவு நாளில் சிமென்ட் வைத்து அடைத்தான்.

அவளுக்கு வேலை பிடித்திருந்தது. தோள் வலிக்க வலிக்க மனம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் கையை நிறுத்திச் சோறு உண்ண உட்கார்ந்தால் போதும், மறுபடி அதே கேள்விகள் சுற்ற ஆரம்பித்துவிடும். பிள்ளை தன்னிடம் வருவாளா? வந்தால் தூங்குவாளா? என்ன சாப்பிடுவாள் என்பதுகூடத் தனக்கு நிச்சயமாகத் தெரியாது. போன் போட்டு, "சுகா, அம்மா உனக்கு வீடு சரி பண்ணுதேன்," என்பாள். மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்கும். பிறகு, "ஆச்சி, பேசிட்டேன்," என்று போன் கைமாறிவிடும்.

அந்த வாரக் கடைசியில் உலகம்மாளே கூப்பிட்டாள்.

"ஏ செல்வி, அடுத்த வாரம்னு சொன்னேம்லா? அது வேண்டாம். எதுத்த வீட்டு மரகதம் குடும்பத்தோட புதன்கிழமை ராத்திரி ரயிலேறி தாம்பரம் வாராவ. துணைக்கு ஆள் இருக்குன்னு நானும் டிக்கெட்ட மாத்திட்டேன். வியாழக்கிழம காலையில வந்திருவோம்."

"சரி அத்தை," என்றாள் செல்வி. வேறென்ன சொல்வது? வேண்டாம், பிறகு வாருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு பிள்ளையை அனுப்பாமலே விட்டுவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

போனை வைத்துவிட்டு நேராகப் படப்பையில் உள்ள பெயின்ட் கடைக்குப் போனாள். கடைக்காரர் டில்லிபாபு, வெள்ளைப் பட்டி மாவு மூட்டையைத் தூக்கி வைத்தார். தண்ணீரில் குழைத்துத் தகட்டால் இழுத்தால் குழிகளெல்லாம் மூடி, சுவர் வழவழப்பாகிவிடும், அதன்மேல்தான் பெயின்ட்.

"பேப்பர் உரிச்ச சொவுரு தானம்மா? பசையெல்லாம் சுத்தமா கழுவிட்டியா? கை வச்சா வழுக்கக் கூடாது. கழுவி, நல்லா காயவுட்டு, அப்பால பட்டி பாரு."

"கழுவியாச்சு," என்றாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. பாதி அறை கழுவியிருந்தாள். மீதியைக் கழுவினால் காய வேண்டும். மார்கழி ஈரத்தில் அது எப்போது காய்வது? வியாழக்கிழமை கண் முன்னால் நின்றது. அன்று சாயந்திரமே பட்டியைக் குழைத்தாள். தகடு வழுக்கிக்கொண்டு போனது. ஏதோ கைத்திறமை என்றுதான் நினைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் இரண்டு அறைகளும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன. ராஜம்மா இறங்கி வந்து பார்த்து, "அட, புது வூடு மாறி ஆக்கிட்டியே," என்றாள். செல்வி அறை நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நாளைக்கே குன்றத்தூரிலிருந்து சாமான்களைக் கொண்டுவந்துவிடலாம் என்று சக்திகுமாருக்குப் போன் செய்தாள்.

வியாழன் காலை தாம்பரம் ஸ்டேஷனில் சுகா ஆச்சியின் சேலையைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். சக்திகுமார் தூக்கப் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செல்வி மண்டியிட்டு உட்கார்ந்து, "யாரு வந்திருக்கா பாரு," என்றாள்.

பிள்ளை அவளை உற்றுப் பார்த்தது. பிறகு அவள் கையில் இருந்த செல்போனைப் பார்த்தது.

"பழகிரும், பழகிரும்," என்றாள் உலகம்மாள். அதைச் சொல்லும்போதே அவள் கை பிள்ளையின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டது.

வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்று உலகம்மாள் ஒப்புக்கொண்டாள். அன்று பகல் முழுக்க மழை பிசுபிசுத்தது. சுகா ஆச்சியின் மடியை விட்டு இறங்கவில்லை. செல்வி இட்லி ஊற்றினாள், தோசை ஊற்றினாள், முட்டை வறுத்தாள். பிள்ளை ஆச்சி கொண்டுவந்த அதிரசத்தை மட்டும் கடித்தது. செல்வி சமையலறைக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"ஒரு இடத்துல இரியேன் தாயி," என்றாள் உலகம்மாள். "நீ நடக்க நடக்க எனக்கே தலை சுத்துது."

மறுநாள் காலையில் முதலில் பார்த்தது சக்திகுமார்தான். "செல்வி, இங்க வா," என்று மெதுவாகக் கூப்பிட்டான். ஜன்னல் சுவரில் பட்டி கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. சில கொப்புளங்கள் தோசைக்கல் அகலம். அவள் ஒன்றைத் தொட்டதும் பொக்கென்று உடைந்து, காலடியில் தூளாகக் கொட்டியது. பின்னால் சுவரில் பழுப்பாக, பளபளவென்று, பசை. அடுத்த சுவரிலும் அப்படித்தான். அவள் முழுதாகக் கழுவியிருந்த உள் சுவர் மட்டும் அப்படியே நின்றது.

சக்திகுமாருக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "சாயந்திரம் வந்து பாப்போம்," என்று கிளம்பிப் போனான்.

உலகம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் சொல்லுதேன். வீடு இன்னும் சீர்படல. ஞாயித்துக்கிழம நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போறேன். நீங்க ஆற அமர எல்லாம் முடிங்க. பொங்கல் கழியட்டும், பெறகு பாப்போம்."

"ஊருக்கா?" என்றாள் சுகா. இங்கே வந்து அவள் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

அந்த முகத்தைப் பார்த்ததும் செல்விக்கு என்னவோ ஆகிவிட்டது. தகட்டை எடுத்தாள். தண்ணீர் தொடாமல், துணி போர்த்தாமல், சுவரைப் போட்டுச் சுரண்ட ஆரம்பித்தாள். கொப்புளங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. உதிராத இடத்தை உப்புத்தாள் வைத்து வெறிபிடித்தவள் போலத் தேய்த்தாள். வெள்ளைத் தூசி அறை முழுக்கப் புகையாக எழுந்தது. "ஏ, பிள்ள இருக்கா, நிறுத்து," என்று உலகம்மாள் சொன்னது காதில் விழுந்தது. நிறுத்தத்தான் நினைத்தாள். கை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிட்டால் போக மாட்டார்கள் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

பிறகுதான் அந்த இருமல் கேட்டது. வறண்ட, நிற்காத இருமல். திரும்பிப் பார்த்தபோது சுகா சமையலறை வாசலில், தோள் இரண்டும் மேலே ஏறி இறங்க, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் விசில் சத்தம்.

ராஜம்மா ஓடிப்போய்த் தெருமுனையிலிருந்து ஆட்டோவைக் கூட்டி வந்தாள். படப்பை போகும்வரை பிள்ளை ஆச்சியின் மடியில். கிளினிக்கில் வேறு மாதிரி ஆனது. மருந்துப் புகை வரும் முகமூடியைப் பொருத்த நர்ஸ் பிள்ளையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். உலகம்மாளுக்குக் கை நடுங்கியது. "நீ பிடி," என்று சுகாவைத் தூக்கி செல்வியின் மடியில் வைத்துவிட்டாள்.

பிள்ளை திமிறியது, அவள் முகத்தில் அறைந்தது, பிறகு களைத்துப்போய் முதுகை அவள் நெஞ்சில் சாய்த்தது. முகமூடிக்குள் புகை வந்து போய்க்கொண்டிருந்தது. செல்வி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண் இமைக்கக்கூட பயமாக இருந்தது. பிள்ளையின் விலா எலும்பு தன் கைக்கடியில் விரிந்து சுருங்குவதை மட்டும் கவனித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விசில் தணிந்தது.

"வூட்ல இன்னா வேலை நடக்குது?" என்று டாக்டரம்மா கேட்டார். செல்வியின் தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாக இருந்தது.

"சுவர் சுரண்டினேன்."

"கொழந்தைய வச்சிக்கினா? தூசி ஆகவே ஆகாது இதுக்கு. வேலை முடியிற வரைக்கும் வேற எடத்துல படுக்க வைங்க."

ஆட்டோவிலேயே திரும்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் உலகம்மாள் சொன்னாள்: "நாலு வருசமா இவள இப்படி ஒருநாளும் விட்டதில்ல நான்."

செல்வி ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தாள். தான் செய்ததுதான் அது.

ராஜம்மா தன் மாடி அறையை ஒழித்துக் கொடுத்தாள். "கெயவிக்கும் கொயந்தைக்கும் எம்மாம் எடம் வோணும்? இங்கியே படுத்துக்கட்டும்." உலகம்மாள் பிள்ளையோடு மேலே போய்விட்டாள். கீழே செல்வி கொட்டிக் கிடந்த தூளை ஈரத்துணியால் கூட்டி அள்ளினாள். குளித்தாள். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து சுவர்களைப் பார்த்தாள். பிறகு அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

சனிக்கிழமை காலை அவள் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, செடிக்குத் தெளிக்கும் மூடியைப் போட்டு, சுவரில் பீய்ச்சிப் பீய்ச்சி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். நனைந்த பட்டி தூசி எழுப்பாமல் தயிர்க்கட்டி போல வழன்று வந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. சுகா மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்தாள்.

செல்வி கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஓடிவிடுவாள் என்று தெரிந்தது.

"அது ஏன் உப்பியிருக்கு?" என்று பிள்ளை கேட்டது.

"அடியில பசை இருந்துச்சு. கழுவாம மேல பூசிட்டேன். அதான் ஒட்டாம உப்பிக்கிட்டு."

"ஏன் கழுவல?"

"நீ வாரன்னு அவசரமா பூசிட்டேன்."

சுகா இதை யோசித்தாள். "நான் மெதுவாத்தான வந்தேன். ட்ரெயின்ல தூங்கி, எந்திச்சு, மறுபடியும் தூங்கி."

செல்விக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை கிட்ட வந்து ஒரு கொப்புளத்தை விரலால் அமுக்கியது. ஈரத்தில் அது சத்தமில்லாமல் அமுங்கியது. "பொக்குன்னு வராதா?"

"தண்ணி படாதது வரும். ஆனா தூசி பறக்கும். உனக்கு ஆகாது."

"தண்ணி நான் அடிக்கவா?"

பாட்டிலைக் கொடுத்தாள். சுகா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரிலும் தரையிலும் செல்வியின் முழங்கையிலும் அடித்தாள். அடிக்க அடிக்கப் பேச்சும் வந்தது.

"நீ இனிமே போன் கம்பெனிக்குப் போமாட்டியா?"

"அத மூடிட்டாங்க."

"அப்ப ஆச்சிகிட்ட எப்படிப் பேசுவ?"

அந்தக் கம்பெனிக்குப் போனால்தான் அம்மாவால் போனில் பேச முடியும் என்று பிள்ளை இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. செல்வி தகட்டைக் கீழே வைத்தாள். தன் போனை எடுத்துக் காட்டி, "இது போதும். எங்க இருந்தும் பேசலாம்," என்றாள்.

"ஊர்ல இருந்தும் பேசலாமா?"

"பேசலாம்."

"அப்ப நீ ஏன் ஊர்ல இருந்து பேசல?"

செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு, "அங்க அம்மாவுக்கு வேலை இல்ல சுகா," என்றாள். பிள்ளை அதை ஏற்றுக்கொண்டதா என்று தெரியவில்லை. சுவரில் ஒரு இடத்தைக் காட்டி, "இங்க இன்னும் வழுக்குது," என்றது. கை வைத்துப் பார்த்தாள். வழுக்கியது.

சாயந்திரம் சக்திகுமார் வந்தபோது இரண்டு பேரும் நனைந்து போயிருந்தார்கள். பாதிச் சுவர் வெறும் சிமென்ட் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. மாடியில் உலகம்மாள் பையைக் கட்டி முடித்திருந்தாள். அவன் மேலே போய் அம்மாவிடம் பேசியது கீழே கேட்டது.

"பிள்ளைய விட்டுட்டுப் போம்மா."

"விட்டுட்டு? அந்த வீட்ல நான் யாரு முகத்தப் பாத்துக்கிட்டு இருக்க? சோத்த ஆக்கி யாருக்கு ஊட்ட?"

செல்வி படிக்கட்டின் கீழே ஈரக் கையோடு நின்றாள். இத்தனை நாளும் அத்தை தன்னைக் குறை சொல்லத்தான் பேசுகிறாள் என்று நினைத்திருந்தாள். மேலே ஏறிப் போனாள். உலகம்மாள் கட்டிய பையின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களும் இங்கயே இருங்க அத்தை."

"ஆட்டை யாரு பாப்பா? வயல யாரு பாப்பா?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு மூக்கைச் சிந்தினாள். "நேத்து ஆஸ்பத்திரியில நீதான் பிடிச்ச. எனக்குக் கை ஆடிப்போச்சு. எனக்கும் வயசாகுதுல்லா."

சுகா ஏறி வந்து ஆச்சியின் தோளில் தொங்கினாள். "நாளைக்கு ஊருக்குப் போலாமா கண்ணு?" என்று உலகம்மாள் கேட்டாள். அது கேள்வியா ஆசையா என்று சொல்ல முடியாத குரல்.

"சுவர் இன்னும் காயல ஆச்சி," என்றாள் சுகா.

உலகம்மாள் தனியாகத்தான் ஊருக்குப் போனாள். எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ரயில் நகர்ந்ததும்தான் சுகாவுக்கு விஷயம் புரிந்தது. தாம்பரம் ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும்படி கதறினாள். செல்வியின் கையைக் கடித்தாள். அந்த வாரம் முழுக்க இருட்டி, ராஜம்மாவின் மாடி அறைக்குப் படுக்கப் போனதும் அழுகை தொடங்கிவிடும். பகலில் சுவரோடு இருப்பாள். ஒவ்வொரு சுவரையும் செல்வி கழுவினாள், கையால் தடவிப் பார்த்தாள், மறுபடி கழுவினாள். காயவிட வேண்டிய நாள்களில்தான் அவளுக்கு மிகவும் கஷ்டம். செய்ய ஒன்றும் இருக்காது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணிமங்கலம் ஏரிக்கரை வரை நடப்பாள், திரும்புவாள், மறுபடி நடப்பாள். காய்ந்த பிறகு குழிகளைச் சிமென்ட் வைத்து அடைத்து, பிரைமர் அடித்து, பட்டியை மெல்லிசாக இழுத்தாள். தேய்க்கிற வேலையை மட்டும், சுகா மாடியில் ராஜம்மாவோடு டிவி பார்க்கும் நேரத்தில், ஈர ஸ்பாஞ்சால் செய்தாள். பட்டி நின்றது. போகிக்கு முந்தின நாள் சக்திகுமாரும் அவளும் வெளிர் மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். ஜன்னல் பக்கம் சாய்வாக வெயில் விழுந்தால் மேடு பள்ளம் தெரியத்தான் செய்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள்.

தை பிறந்து கொஞ்ச நாளில், ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று பழைய லைன் தோழி ரத்னா சொன்னாள். செல்வி போய், பகலில் மட்டும் வேலையுள்ள ஜெனரல் ஷிஃப்ட் என்றால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். எடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். எடுத்துக்கொண்டார்கள். சுகாவைப் பக்கத்துத் தெரு பால்வாடியில் சேர்த்தாள். மதியத்துக்குமேல் ராஜம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

முதல் நாள் காலையில் சுகா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வியின் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் பார்த்தாள்.

"சாயந்திரம் வருவியா, பொங்கலுக்கு வருவியா?"

"சாயந்திரமே வந்திருவேன்."

அன்று முழுக்க அவள் கை லைனில் ஓடியது, மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. வேலை முடிந்ததும் முதல் ஆளாக பஸ்ஸில் ஏறினாள். ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகள் நான்கு பக்கமும் கோத்துக்கொண்டு நின்றன. பஸ் நகர்ந்து நகர்ந்து நின்றது. வெயில் சாயத் தொடங்கியது. படப்பைக்கு முன்னால் மறுபடியும் மொத்தமாக நின்றுவிட்டது. ரோடு அகலப்படுத்தும் வேலை. "எறங்கிக்கிடுதேன் அண்ணே," என்றாள் டிரைவரிடம். அவர் கதவைத் திறந்தார். லாரிகளுக்கும் பள்ளத்துக்கும் நடுவில், புழுதியில், துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள். சில இடங்களில் ஓடினாள். படப்பையில் ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை பொறுக்க முடியாமல், கால் மாற்றி மாற்றி நின்றாள்.

தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. ராஜம்மாவும் சுகாவும் வாசற்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியா," என்றாள் ராஜம்மா. "இது சாயந்தரமா, இது சாயந்தரமான்னு உம் பொண்ணு கேட்டுக்கினே கீது. பதில் சொல்லி எனுக்கு வாய் வலிக்குது."

சுகா எழுந்து ஓடி வரவில்லை. மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"இப்பதான் சாயந்திரம்," என்றாள் ராஜம்மாவிடம்.

செல்வி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால்கள் இன்னும் நடந்துகொண்டிருப்பது போலவே இருந்தன.